திறக்காத நெய் பாட்டில்

பன்றிக்கறி வறுத்ததில் மிஞ்சிய கொழுப்பைக் கிண்ணத்தில் வழித்து, அலமாரியில் புது நெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள் ஜெசிந்தா. நெய் முகத்தைச் சுளித்துக்கொண்டது.

மறுநாள் நாத்தனார் விருந்துக்கு வந்தாள். அந்த நெய் பாட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கிளம்பியது. கொழுப்பில் பாதி, உருளைக்கிழங்கு வறுக்கப் போனது.

"பிடிக்கலைன்னா மிச்சத்தையும் கொட்டிடுவாங்க. என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்கண்ணே," என்று நெய்யிடம் சொன்னது கிண்ணத்தில் மீதி இருந்த கொழுப்பு.

கிழங்கை வாயில் போட்டதும் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். "நெய் என்னமா மணக்குது மைனி!"

ஜெசிந்தா சிரித்து மழுப்பினாள்.

நெய் திடுக்கிட்டது. அதன் மூடியை இன்னும் யாரும் திறக்கவே இல்லை. ஆனாலும் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

அலமாரிக்குத் திரும்பியதும் கொழுப்பு ஆவலாகக் கேட்டது: "என்ன சொன்னாங்கண்ணே?"

"உன்னைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல," என்றது நெய்.