ஒன்பதாவது தையல்

நாற்பத்தாறு.

இ.சி.ஜி. மெஷின் காட்டிய நாடித்துடிப்பு அது. ஏதோ கோளாறு என்று கம்பிகளைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

நாற்பத்தைந்து.

கட்டிலில் கிடந்தவளுக்குப் பத்தொன்பது வயது. ரப்பர் குமிழ்கள் விலா எலும்புகளின் மேல் ஒட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தன. ஜெல் பட்டால் எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கும். இவள் அதற்குக்கூட அசையவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

நடுவில் பாதி இழுத்துவிட்ட ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் அவளுடைய அம்மா, டாக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தையல்கடைக்காரி. மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் கனத்த குரல்.

அவள் கையில் மகளின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். டி-3 என்ற தைராய்டு வரிக்கு எதிரே 'குறைவு' என்று அச்சாகியிருந்தது. அந்த ஒரு சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், விட்டால் ஓடிவிடும் என்பதுபோல.

"தைராய்டுதானே டாக்டர்? என் நாத்தனாருக்கும் இருக்கு. அதுவும் இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியும். ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, போதும்."

ஒரு மாத்திரை. காலையில், வெறும் வயிற்றில்.

வெறும் வயிற்றுக்கு இந்தப் பெண்ணிடம் பஞ்சமே இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சுரப்பியில் பழுதில்லை. சாப்பாடு வராத உடம்பு, அடுப்பைத் தணிக்கிற மாதிரி தைராய்டைத் தணித்து வைத்திருக்கிறது. மனசு இப்படி இருண்டு கிடப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இப்போது மாத்திரை கொடுப்பது, காலிப் பாத்திரத்துக்கு அடியில் தீயை ஏற்றுகிற வேலை.

பாத்திரம் என்று அவர் சொன்னது இதயத்தை.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு நாளாகச் சாப்பிடுவதில்லை?

பிறந்ததிலிருந்தே ஒல்லிதான், சாப்பாடு குறைந்தது இந்த ஒரு மாதமாகத்தான் என்றாள் அம்மா. யோசிக்கவேயில்லை.

ஒரு மாதம் என்றால் உணவுப் பட்டியலோடு வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் இன்றைக்கே வார்டு. வார்டு என்றால் மனநல டாக்டரும் வந்து உட்காருவார். தைராய்டு என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இதை எப்படிச் சொல்வது?

டாக்டர் பாதி நம்பிவிட்டார் என்பது அவருடைய பேனா தயங்கியதிலேயே தெரிந்தது. நம்பாமல் எப்படி? பெண் உள்ளே வந்தபோது போட்டிருந்த சட்டை உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது. இளைத்துப்போனவள் சட்டை அப்படி நிற்காது.

அந்தச் சட்டை இப்போது என் பக்கத்து நாற்காலியில், உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன். இரண்டு பக்கமும் தடித்துக் கனத்தது.

பக்கவாட்டில் ஒரு தையல். கால் இஞ்சு உள்ளே தள்ளி இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று.

ஒன்பது.

எல்லாம் மெஷின் தையல். கோடு போட்டாற்போல் நேர். ஓரத்தில் இருந்த நூல் சலவையில் வெளுத்துப் போயிருந்தது. கடைசி நூல் மட்டும் பளிச்சென்று புதிது.

திரையை விலக்கி, சட்டையை டாக்டரின் மேஜையில் விரித்தேன். அவர் விரலால் எண்ணினார்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. கேட்பதற்கு முன்பே சொன்னாள். போன வருஷத்திலிருந்து. தொளதொளவென்று கிடந்தால் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். துணியை மட்டும் வெட்டவில்லை. உடம்பு தேறினால் பிரித்துவிடலாம் என்று இருந்தாள்.

அந்த வெட்டாத துணியை நினைத்து எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

டாக்டர் அட்மிஷன் எழுதினார்.

வார்டு அங்கி எல்லோருக்கும் ஒரே அளவு. கைத்தாங்கலாக எழுப்பி அதை மாட்டிவிட்டேன். கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியது. அம்மா திரைக்கு இந்தப் பக்கம் வந்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

அவள் கை நேராக மகளின் இடுப்புக்குப் போனது. தொங்கிய துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தது. பழக்கம்.

பெண் சட்டென்று முதுகை நிமிர்த்தினாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தூக்கினாள். காலையிலிருந்து செத்துக் கிடந்த அந்த முகத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"இந்தத் தடவை எத்தனை இஞ்சும்மா?"