அண்ணன் செய்த உறை

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குடலில் முளைத்திருந்த சதையை முன்பு ஒரு தடவை எடுத்திருந்தார்கள். மறுபடி முளைக்கலாம், வருஷம் தவறாமல் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கணும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அப்பா காதில் போட்டுக்கொண்டால்தானே? ஒரு வருஷம் முட்டிவலி என்றார். அடுத்த வருஷம் மழை என்றார். அதற்கப்புறம், "உள்ளே என்ன புதையலா இருக்கு, வருஷா வருஷம் தோண்டிப் பார்க்க?" என்று என்னையே கிண்டல் பண்ணினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குழாய் சுலபமாக உள்ளே போக ஒரு உறை கண்டுபிடித்தவனே என் அண்ணன்தான். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். குடல் வளைகிற இடத்தில் குழாய் சுருண்டு முட்டும், அங்கேதான் வலி. அப்படிச் சுருளவிடாமல் பிடித்துக்கொள்ளும் உறை அது.

சதை எடுத்த பிறகு வந்த முதல் பரிசோதனையில், முதன்முதலில் அதைப் போட்டுப் பார்த்தது அப்பாவுக்குத்தான், மயக்க மருந்தே இல்லாமல். அண்ணன் கேட்டான், அவரும் சரி என்றார். வெளியே வந்ததும், "வலிக்கவே இல்லடா, தூக்கமே வந்துடுச்சு" என்று அவன் முதுகில் தட்டினார். பார்த்தவர்களிடமெல்லாம் மகன் பெருமைதான்.

பிற்பாடு ஒன்றிரண்டு நோயாளிகள் முனகியபோதுகூட அண்ணன் அசரவில்லை. எங்கப்பாவுக்கே வலிக்கலை, இவங்களுக்கெல்லாம் ரொம்பச் செல்லம் என்று சொல்லிவிடுவான்.

இப்படிப்பட்ட மனுஷர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்றால் கோபம் வராதா?

ரத்தம் போனதைக்கூட மறைத்திருக்கிறார். மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தால், புற்றுநோய் ஈரல் வரை பரவியிருந்தது. போன வருஷமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"உங்க பிடிவாதத்துக்கு எங்களைத் தண்டிக்கிறீங்களேப்பா" என்று கத்திவிட்டேன்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மறுபடி குழாய் விட வேண்டியிருந்தது. குழாயும் உறையும் இருந்த தட்டை நர்ஸ் கொண்டுவந்து வைத்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த உறை வேண்டாம்னு சொல்லும்மா. வெறும் குழாயே போதும்."

"அண்ணன் செஞ்சதுப்பா. வலிக்கவே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதோட விளிம்பு குடலைக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சும்மா. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் கடிச்சேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரவே பயம். உறை வேண்டாம்னு சொன்னா அவனுக்குத் தெரிஞ்சுடும். சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து செஞ்சான், நல்லா இல்லைன்னு எந்த வாயால சொல்றது?"

அவரைப் போய்த் திட்டினேனே என்றிருந்தது.

திரும்பினால், கதவருகில் அண்ணன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"அந்த விளிம்பைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்குறது அரை நாள் வேலைப்பா" என்றான்.

"எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தானே உங்களை முதல்ல படுக்க வெச்சேன்."