ஆறாவது பூட்டு

அன்று முதல்வர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதல்வர். ஆபீஸ் சூப்பிரண்டு. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா. இரண்டாம் வருஷம் கணிதம் படிக்கும் பெண். அவளுடைய அப்பா.

அப்பாவுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. மகளின் சக்கர நாற்காலிக்குப் பின்னால், ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

விஷயம் பூட்டு.

தரைத்தளத்தில், நடக்க முடியாத மாணவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள். ஆய்வுக் கமிட்டி வந்து பார்க்கிற வரை அது புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்று சூப்பிரண்டு அதைப் பூட்டிவிட்டார். சாவி மாடியில், அவர் மேசையில். இந்த மாதம் மட்டும் ஐந்து பூட்டு காணாமல் போயிருந்தது. இப்போது தொங்குவது ஆறாவது.

பூட்டு காணாமல் போனால் ஆதாயம் யாருக்கு, இந்தப் பெண்ணுக்குத்தானே என்றார் சூப்பிரண்டு. கேட்டால் சாவி தரமாட்டோமா என்றும் கேட்டார்.

"கேட்டேன் சார்" என்றாள் அவள். "ஒரு தடவை நீங்க சாப்பாட்டுல இருந்தீங்க. ஒரு தடவை மீட்டிங்ல. அப்புறம் கேக்கறதை விட்டுட்டேன். தண்ணி குடிக்கறதையும் விட்டுட்டேன்."

அதன் பலன் போன பருவத்தில் தெரிந்தது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, இரண்டு பாடம் எழுத முடியாமல் போனது.

அதெல்லாம் வேறு கதை என்றார் முதல்வர். திங்கட்கிழமை தேர்வு. அவளுடைய ஹால் டிக்கெட் அவர் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. பூட்டு விஷயம் முடியாமல் அது கைக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "ஐயா, அது வந்து..."

"அப்பா, உங்களை யாரும் கேக்கலை. சும்மா இருங்க."

துப்புரவு அக்கா முகத்தைச் சுளித்தாள். சூப்பிரண்டு முதல்வரைப் பார்த்தார். "பெத்த தகப்பனையே இப்படிப் பேசறா. பூட்டெல்லாம் இவளுக்கு எம்மாத்திரம்?"

அப்பா மறுபடி வாயைத் திறந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான்தான் சார் எடுத்தேன்" என்றாள் அவள். "அஞ்சையும்."

சூப்பிரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல்வர், எப்படி எடுத்தாய் என்று கேட்டார்.

"வாங்க, காட்டறேன். சாவியையும் எடுத்துக்குங்க."

ஐந்து பேரும் வராந்தாக் கோடிக்குப் போனார்கள். அவள் சூப்பிரண்டிடமிருந்து சாவியை வாங்கினாள். நாற்காலியைக் கதவோடு ஒட்டி நிறுத்தினாள். கையை உயர்த்தினாள்.

தாழ்ப்பாளைக் கதவின் மேல் பக்கத்தில் அடித்திருந்தார்கள். அவள் விரல் நுனிக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

கையை அப்படியே வைத்திருந்தாள். இறக்கவில்லை.

"எட்டலையா? கொஞ்சம் எழுந்து..." என்று ஆரம்பித்த சூப்பிரண்டு பாதியில் நிறுத்தினார்.

துப்புரவு அக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள். "நல்லா கட்டினாங்க போ."

"அப்போ நீ எடுக்கலை" என்றார் முதல்வர். "எடுத்தேன்னு ஏம்மா சொன்னே?"

"இல்லைன்னு சொல்லியிருந்தா உங்க ரூம்லயே விசாரிச்சு முடிச்சிருப்பீங்க. ஆமான்னு சொன்னதாலதான் இந்தக் கதவு வரைக்கும் வந்தீங்க."

கமிட்டி வந்து போகட்டும், அப்புறம் தாழ்ப்பாளைக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று சூப்பிரண்டு சமாதானம் சொன்னார்.

"வரட்டும் சார். அன்னிக்குக் காலையிலேயே இங்கே வந்து இதே மாதிரி கையைத் தூக்கிட்டு இருப்பேன். என்னன்னு அவங்க கேட்டா, நீங்களே சொல்லுங்க."

முதல்வர் அவள் கையிலிருந்த சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார். பூட்டைச் சூப்பிரண்டிடம் கொடுத்தார். வெளித் தாழ்ப்பாளையே இன்று கழற்றிவிட வேண்டும், கமிட்டி வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கதவு இனிப் பூட்டப்படக் கூடாது என்றார். கையோடு கொண்டுவந்திருந்த ஹால் டிக்கெட்டையும் அவளிடம் நீட்டினார்.

"அப்போ அந்த அஞ்சையும் எவன் எடுத்தான்?" என்றார் சூப்பிரண்டு. அவர் பார்வை துப்புரவு அக்கா பக்கம் போனது.

"என்னை ஏன் பாக்கறீங்க? பூட்டு இருந்தாத்தான் எனக்கு வேலை மிச்சம்" என்றாள் அக்கா.

முதல்வருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விடுங்கள், போனது போகட்டும் என்று அறைக்குத் திரும்பினார்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்பா, கிளம்பலாம்" என்றாள் அவள்.

கல்லூரி வாசலைத் தாண்டினார்கள். அப்பா பையை அவள் மடியில் வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளினார். பை கலகலத்தது.

"மெதுவா தள்ளுங்கப்பா. வாட்ச்மேனுக்குக் கேக்கப் போகுது."

தெருமுனை வரை அவர் நாற்காலியை மெதுவாகத் தள்ளினார். அப்புறம்தான் கேட்டார். "ஏம்மா, உண்மையைச் சொல்ல ரெண்டு தடவை வாயெடுத்தேன். ரெண்டு தடவையும் அடக்கிட்டியே?"

"நீங்க சொல்லியிருந்தா பூட்டைப் பத்தித்தான்பா பேசியிருப்பாங்க. கதவைப் பத்திப் பேசியிருக்க மாட்டாங்க."

அவர் கடை வந்துவிட்டது. கடை என்றால் ஒரு குடை, ஒரு முக்காலி, 'பூட்டு சாவி ரிப்பேர்' என்று எழுதிய தகரம். தினமும் காலையில் மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு அவர் வந்து உட்காரும் இடம்.

பையிலிருந்து அரத்தையும் வளைந்த கம்பியையும் வெளியே எடுத்து வைத்தார். மிச்சத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"இதையாவது திருப்பிக் கொடுத்துடட்டுமா?"

"வேணாம்பா. கையில இருந்தா வேற எங்கேயாவது மாட்டுவாங்க."

கல்லூரி வாங்கிய பூட்டு ஆறு. ஒன்று சூப்பிரண்டு மேசைக்குப் போய்விட்டது. பையில் மீதி ஐந்து.