ஜம்பட்டா

"டிமிக்கின்னா என்ன?"

"யாரைப் பார்த்துக் கேக்குற! வர்றேன்னு சொல்லிட்டு நழுவுறது. ட்யூஷனுக்கு நான் கொடுக்காத டிமிக்கியா?"

வந்தவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவை மறித்தபடி நின்றாள். காணாமல் போன அண்ணனைத் தேடி வெளியான விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, 'நான்தான் அது' என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே அம்மாவின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் குரலைக் கேட்காமல் அந்த மூச்சு அடங்குவதாக இல்லை.

"அம்மாவுக்குக் கண் தெரியாது. பேச்சை வச்சுத்தான் பிள்ளையைக் கண்டுபிடிப்பாங்க. இந்த மாதிரி வார்த்தை இல்லாம அண்ணன் வாயே திறக்க மாட்டான். உடான்ஸ்?"

"இல்லாததை அளந்து விடுறது."

"ஜகா வாங்குறது?"

"சொல்லிட்டுப் பின்வாங்குறது. போதுமா, இன்ஸ்பெக்டரம்மா?"

அந்த வயதுக்காரர் யாருக்கும் தெரிந்த வார்த்தைகள்தான். அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஜம்பட்டா?"

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அடிப்பாவி! அதை இன்னும் மறக்கலியா நீ? அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே 'ஜம்பட்டா'ன்னு கத்திக்கிட்டு ரெண்டு பேரும் ஓடுவோமே!" சொல்லும்போதே கண் கலங்கியது. விரலால் துடைத்துக்கொண்டார்.

"அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. இப்ப என் வாயில வந்ததைச் சொன்னேன்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. எழுந்து தடுமாறிச் செருப்பைத் தேடினார். அதற்குள் அவள் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டாள்.

"தப்புதாம்மா... வீட்டுல ஏதாவது பங்கு கிடைக்கும்னு நெனச்சு... போலீஸ் மட்டும் வேணாம். போயிடுறேன்."

"என் அண்ணன் செத்து எவ்வளவோ காலமாச்சு. உடம்பை அடையாளம் காட்டினதே நான்தான். அம்மாகிட்ட சொல்லத்தான் இன்னிக்கு வரைக்கும் தைரியம் வரல."

"அப்போ... அந்த விளம்பரம்?"

"நான் கொடுத்ததுதான். உங்களை மாதிரி ஒருத்தர் வரணும்னுதான் கொடுத்தேன்."

அவர் செருப்பைத் தேடுவதை நிறுத்தினார். வாசல் பக்கமும் பார்க்கவில்லை.

"இல்லாத வார்த்தைக்கே கண் கலங்கினீங்களே, அது போதும்" என்றவள், அவர் கையைப் பிடித்து உள்ளறைப் பக்கம் இழுத்தாள். "வா அண்ணா, அம்மா காத்துக்கிட்டிருக்காங்க."