தமயந்தியின் ஏக்கம்

தமயந்தி வருகிறாள் என்றாலே அந்த அலுவலகத்தில் செத்த கம்ப்யூட்டரும் எழுந்து உட்கார்ந்துவிடும். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், மூன்று மாடிப் பிரிண்டர்களும் சிக்கிய காகிதத்தைக் கக்கும். ஆபீஸே மெச்சியது. அவளுக்குத்தான் ஏக்கம்: ரிப்பேர் வேலைக்கு வந்தும் ஒரு கோளாறைக்கூட இதுவரை கண்ணால் கண்டதில்லை. அன்று கணக்குப் பிரிவில் ஒரு திரை நீலமாகி உறைந்துவிட்டது என்று போன் வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டாள். அறை வாசலில் கண்களை இறுக மூடிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பின்னோக்கி நடந்தாள்.

"அது இன்னும் உங்களக் கவனிக்கல மேடம், கண்ண மட்டும் திறந்துடாதீங்க!" என்று கிசுகிசுத்தார் கணக்கர் டோமினிக்.

கையைப் பின்னால் நீட்டித் திரையைத் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது.

"நீலமாத்தான் இருக்கா சார்?"

"நீலம்னா அப்படியொரு நீலம்!"

மூடிய கண்களோடு சிரித்தாள் தமயந்தி. கையை எடுக்க மனம் வரவில்லை.