பின்பக்கத்து ஸ்பீக்கர்

"நூகுவையும் கூப்பிடட்டுமா?"

ஆபிதா பீவி தயங்கித்தான் கேட்டாள். நூகு அவளுடைய தம்பி.

"அவன் பேச்சையே எடுக்காத" என்றார் அவள் கணவர் ஹசன் அலி. "தாய்மாமன்னு முன்வரிசையில உக்கார வச்சேன். பந்தி நேரத்துல அவன் ஆளுகளையெல்லாம் கூட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனான். மேலப்பாளையமே பாத்துச் சிரிச்சுது."

மகள் முஃபீதாவின் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கல்யாண வீடியோ இன்றுதான் புளூரே டிஸ்க்காக வந்திருந்தது. பார்ப்பதற்காகச் சம்பந்தி அலி அஸ்கர் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் பென்டிரைவ்தான் கேக்காங்க. பாய் ஒருத்தர்தான் டிஸ்க்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு" என்றார், டிஸ்க்கைக் கொண்டுவந்த ஸ்டூடியோக்காரர் சிவசண்முகம்.

"பென்டிரைவ்ல நீங்க குடுக்கது வெறும் ஸ்டீரியோ, அண்ணாச்சி. ரெண்டு பக்கச் சத்தம். அதுக்கா சவூதி தம்மாமிலேர்ந்து இம்புட்டு ஸ்பீக்கரையும் சுமந்துட்டு வந்தேன்?"

ஹசன் அலி அறையைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினார்.

"இதுல ஆறு சேனல், சம்பந்தி. பேசுத பேச்சு நடு ஸ்பீக்கர்ல வரும். பாட்டு ரெண்டு பக்கமும். அந்தா மூலையில இருக்க பெட்டி அதிர்வுக்கு மட்டும். நம்ம முதுகுக்குப் பின்னால ரெண்டு இருக்குல்லா, அதுல கூட்டத்துச் சத்தம். மண்டபத்துக்குள்ளயே உக்காந்திருக்க மாதிரி இருக்கும்."

"அதுக்குன்னே பந்திக்கூடத்து வாசல்ல தனியா ஒரு மைக் வச்சேன்" என்றார் சிவசண்முகம். "அந்தச் சத்தத்தை அப்படியே பின் ஸ்பீக்கருக்குக் குடுத்திருக்கேன். பென்டிரைவ்ல அதெல்லாம் கிடையாது."

ஆபிதா டீயை நீட்டினாள். அலி அஸ்கர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"உங்க மச்சினன் செஞ்சது சரியில்லை சம்பந்தி. எங்க ஆளுக இன்னும் சொல்லிக் காட்டுதாங்க. ஒருவாய் சோத்துக்கு உக்காராமப் போனா அது எங்களையும் மதிக்காத மாதிரிதான்."

"நீங்க மன்னிக்கணும்" என்றார் ஹசன் அலி. குரல் இறங்கிவிட்டது.

ஆபிதா அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

படம் ஓடியது. நிக்காஹ் முடிந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளையை ஒவ்வொருவராகக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். ஹசன் அலியும் மேடையில்தான் நின்றார். மைக்கில் யாரோ வாழ்த்திப் பேசுவது நடு ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது.

"இப்ப பின்னால கேளுங்க" என்று ஹசன் அலி கண்ணை மூடிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி இழுபட்டது. தட்டுகள் உரசின. ஒரு பிள்ளை அழுதது.

பிறகு, மிக அருகில், சமையல்காரரிடம் பதற்றத்தை அடக்கிப் பேசும் ஒரு குரல். நூகுவின் குரல்.

அலி அஸ்கர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"பண்டாரி, பைய பேசும். சட்டி காலியாகுதுன்னு எனக்கும் தெரியுது. மாப்பிள்ளை வீட்டுல சொன்னதுக்கு ரெண்டு மடங்கு ஆள் வந்திருக்கு, என்ன செய்ய? இருக்கதை அவுகளுக்கு வையும். எங்க ஆளுகளை நான் கூட்டிட்டுப் போயிருதேன். பட்டினியாப் போறோம்னு தெரிஞ்சா மச்சான் மனசு ஒடஞ்சிரும். கேட்டார்னா, நூகு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லும்."