பின்கட்டு அறை

"எல்லாத்தையும் இடிங்க சார். பின்கட்டு ரூம் மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றாள் மாமியார் புஷ்பலதா.

ஆரணியின் அந்தப் பழைய நெசவு வீட்டைப் புதுப்பிக்க பிளானோடு வந்திருந்த இன்ஜினீயர் தலையாட்டினார். மருமகள் பானுப்ரியாவுக்குத் திக்கென்றது. மாதம் மூன்று நாள் பெண்களை ஒதுக்கிவைக்கும் அறை அது!

"அதுல நான் ஒக்கார மாட்டேன் அத்தை!"

"உன்ன யாருடி ஒக்காரச் சொன்னது?"

புஷ்பலதா இன்ஜினீயரின் பேனாவைப் பிடுங்கினாள். பிளானில் அந்த அறையின் கட்டத்துக்குள் எழுதினாள்: பூஜை அறை.

"வாஸ்து இடிக்குமேம்மா..."

"இடிக்கட்டும் சார். தறிகிட்ட வராதே, சாமிகிட்ட வராதேன்னாங்க. முப்பது வருஷம் அங்கதான் ஒதுங்கிகினு கெடந்தேன். இனிமே சாமி அங்க வரட்டும்!"